எஞ்சின் புராணம்

ரயிலின் வரலாற்றைச் சொல்ல வருகிற எவரும் முதல் வரியிலேயே நீராவியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைச் சிறுவன் ஜேம்ஸ் வாட் பார்த்தான், ஜார்ஜ் ஸ்டீபன்சன் அந்த நீராவியைச் சக்கரத்தின்மேல் ஏற்றினார், 1825 செப்டம்பர் 27 அன்று வட இங்கிலாந்தின் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் ‘லோகோமோஷன்’ புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது, ரயில் பிறந்தது. 2025-ல் அந்த நாளின் இருநூறாவது ஆண்டு வந்தபோதும் இதே கதைதான் திரும்ப ஓதப்பட்டது. அதற்குப் பிந்தைய கதை வெறும் வம்சாவளி. நீராவிக்குப் பின் டீசல், டீசலை ஓரங்கட்டிய மின்சாரம், மின்சாரத்தின் செல்லப் பேரனாகப் புல்லட் ரயில். பள்ளிப் புத்தகம் முதல் அருங்காட்சியகம் வரை எஞ்சின்களை வரிசையாக நிறுத்தி, அந்த வரிசையையே வரலாறு என்கிறார்கள்.

கெண்டிக் கதையை விட்டுவிடலாம். அது வாட்டின் பெருமைக்காகப் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டது. அவர் ரயில் எஞ்சின் எதையும் ஓட்டியதில்லை. ரயிலுக்குத் தேவைப்பட்ட உயர் அழுத்த நீராவியையே ஆபத்தென்று ஒதுக்கியவர் அவர். நான் மறுக்க வந்தது கதையின் முதுகெலும்பை. ரயில் போக்குவரத்து தொடங்கியது தண்டவாளத்தால். அது திணறி நின்ற இடங்களில் பெரும்பாலும் காரணம் தண்டவாளம். பாய்ந்து சென்ற இடங்களிலும் அதுவே காரணம். எஞ்சின் பலமுறை முன்னதாகவே தயாராகி, காலுக்குக் கீழே இரும்பு வலுப்படும்வரை காத்துக் கிடந்திருக்கிறது. இது வரலாற்று ஆசிரியர்களின் பழைய வழக்கு மட்டுமல்ல. எந்தக் கதையை நம்புகிறோமோ அந்தக் கதைக்குத்தான் பணம் ஒதுக்குகிறோம்.

தொடக்கத்துக்குப் போவோம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கோட்டைக்கு மரத் தடத்தின்மேல் கயிறு கட்டிச் சரக்கு இழுத்த வண்டியைப் பற்றி 1515-லேயே எழுத்தில் பதிவு இருக்கிறது. 1556-ல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூலில், தடம் மாறாமல் பலகையின்மேல் ஓடும் தள்ளுவண்டிகளின் படங்கள் இருக்கின்றன. 1604 வாக்கில் நாட்டிங்ஹாம் அருகே வொல்லட்டனில் ஹன்டிங்டன் போமான்ட் என்பவர் நிலக்கரிக்காக மரத் தண்டவாளம் போட்டுவிட்டார். டர்ஹாம் பகுதியில், நிலக்கரி வண்டிப்பாதை ஒரு பள்ளத்தாக்கைக் கடப்பதற்காக 1720-களில் கட்டிய காஸி வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. ரயில் ‘பிறப்பதற்கு’ நூறாண்டு முன்பே ரயில் பாலம்! காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ரயில்பாதையும் ஸ்டீபன்சனுடையதன்று. அது வேல்ஸில் ஸ்வான்சீ கடற்கரையோரம் 1807-ல் ஓடத் தொடங்கியது, இழுத்தது குதிரை.

தண்டவாளத்தின் மாயம் என்னவென்று பார்க்க 1805 ஜூலையில் லண்டனுக்குத் தெற்கே நடந்த ஒரு பந்தயம் போதும். மெர்ஸ்தம் கல்குவாரியிலிருந்து, கல் ஏற்றிய பன்னிரண்டு வண்டிகளைப் பூட்டி ஒரே ஒரு குதிரையிடம் கொடுத்தார்கள். ஆறு மைல் தூரத்தை அது இரண்டு மணி நேரத்துக்குள் கடந்தது. வழியில் மேலும் வண்டிகளைச் சேர்த்தார்கள், கூலியாட்களையும் மேலே ஏற்றினார்கள்; கடைசியில் எடை 55 டன்னைத் தாண்டியது. அதே குதிரையை அன்றைய சாலையில் விட்டிருந்தால் ஒரு டன்னுக்கே மூச்சு வாங்கியிருக்கும். உறுதியான வழவழப்பான தளத்தில் உறுதியான சக்கரம் உருளும்போது உராய்வு அவ்வளவு குறைகிறது. ரயிலை ரயிலாக்குவது இந்த ஒரு உண்மைதான். இழுப்பது குதிரையா, கொதிகலனா, கம்பி வழி வரும் மின்சாரமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

சரி, அப்படியானால் எஞ்சினின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா? வரலாறே அந்தச் சோதனையை நடத்தி வைத்திருக்கிறது. நீராவி வண்டி முதலில் ஓடியது சாலையில். பிரான்சில் கூன்யோ 1769-ல் பீரங்கி இழுக்க ஒன்று செய்தார். கார்ன்வால்காரரான ரிச்சர்ட் டிரெவிதிக் 1801-ல் கேம்பர்ன் ஊரில் ஒன்றை ஓட்டினார். 1830-களில் வால்டர் ஹான்காக் என்பவர் லண்டன் தெருக்களில் நீராவிப் பேருந்துகளையே விட்டார். ஆட்கள் ஏறினார்கள், அவை ஓடவும் செய்தன. ஆனாலும் சாலை நீராவி உலகை மாற்றவில்லை. சுங்கக் கட்டணமும் குதிரை வண்டிக்காரர்களின் பகையும் அதை நசுக்கின என்பது உண்மை. ஆனால் மூல வியாதி சாலைதான்: குண்டும் குழியும் கொதிகலனை உலுக்கின, எடை சாலையைக் குழைத்தது, எரித்த கரியில் பெரும்பகுதி உராய்வுக்கே போனது. அதே நீராவி தண்டவாளத்தின்மேல் ஏறியதும் கண்டங்களைக் கடந்தது. இரண்டிலும் எஞ்சின் உண்டு. ஒன்றில்தான் தண்டவாளம் உண்டு.

டிரெவிதிக்கின் வாழ்க்கையை அவருடைய எஞ்சின்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள். தண்டவாளத்தின் பக்கமிருந்து படித்தால்தான் அதன் துயரம் புரியும். 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து அவருடைய எஞ்சின் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் ஓடியது. ஆலை முதலாளி சாமுவேல் ஹோம்ஃப்ரே 500 கினி பந்தயம் கட்டியிருந்த ஓட்டம் அது. எஞ்சின் தன் வேலையைச் செவ்வனே செய்தது. உடைந்தது தடம். குதிரை வண்டிக்காக வார்த்த இரும்புத் தகடுகள் அந்த எடையின் கீழ் நொறுங்கின. சில ஓட்டங்களுக்குப் பிறகு ஆலைக்காரர்கள் எஞ்சினை இறக்கி நிலையான வேலைக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு நியூகாசில் பக்கம் வைலம் சுரங்கத்துக்காக அவருடைய வடிவமைப்பில் இன்னொன்று செய்யப்பட்டது. அங்கே இருந்ததோ மரத் தண்டவாளம், தாங்காது என்று அதையும் ஏற்கவில்லை. 1808-ல் லண்டனில் வட்டத் தடம் போட்டு, வேலி கட்டி, கட்டணம் வைத்து எஞ்சினை வேடிக்கை காட்டினார். தண்டவாளம் உடைந்து அதுவும் முடிந்தது. மூன்று முயற்சிகள், மூன்றையும் முறித்தது காலடித் தடம். 1833-ல் அவர் கையில் காசில்லாமல் இறந்தார். ஸ்டீபன்சனைவிட அவர் மோசமான எஞ்சின் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபது ஆண்டு முந்திப் பிறந்த தண்டவாளத்தின்மேல் ஓட்டினார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய அவதூறையும் துடைத்துவிட வேண்டும். 1812-ல் லீட்ஸ் அருகே மிடில்டன் நிலக்கரிப் பாதையில் ஜான் பிளென்கின்சாப் பற்சக்கரம் வைத்த எஞ்சினை ஓட்டினார். தண்டவாளத்தின் பக்கத்தில் பல் வைத்து அதில் சக்கரம் கடித்து ஏறும். வழவழப்பான சக்கரம் வழவழப்பான இரும்பில் வழுக்கிவிடும் என்று பயந்த முட்டாள்கள் என இவர்களைப் புத்தகங்கள் கேலி செய்யும். பிளென்கின்சாப் முட்டாள் இல்லை. வார்ப்பிரும்புத் தண்டவாளம் ஐந்து டன் எஞ்சினுக்கு மேல் தாங்காது என்று அவருக்குத் தெரியும். எடை குறைந்த எஞ்சின் பிடிப்பில்லாமல் வழுக்கும், அதிகச் சரக்கை இழுக்காது. எடையைக் கூட்டாமல் இழுவையைக் கூட்ட வேண்டுமென்றால் பல்தான் வழி. அந்த எஞ்சினின் உருவத்தைத் தீர்மானித்தது தண்டவாளத்தின் பலவீனம். வைலத்தில் 1813–14-ல் ஓடத் தொடங்கிய ‘பஃபிங் பில்லி’யின் கதையும் இதேதான். தகடுகளை உடைத்துத் தள்ளியதால் எடையைப் பரப்புவதற்காக அதற்கு நான்கு சக்கரத்துக்குப் பதில் எட்டுச் சக்கரம் மாட்டினார்கள். 1830 வாக்கில் வலுவான தண்டவாளம் போட்டதும் மறுபடி நான்காக்கினார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அது நான்கு சக்கரத்தோடு நிற்கிறது. எட்டானதும் நான்கானதும் ஏன் என்று கேட்கிறவர் யாருமில்லை.

முட்டுக்கட்டை உடைந்த ஆண்டு 1820. நார்தம்பர்லாந்தின் பெட்லிங்டன் இரும்பாலையில் ஜான் பர்க்கின்ஷா என்பவர் தேனிரும்பை உருளைகளுக்கிடையே செலுத்தி, 15 அடிக்கும் மேல் நீளமுள்ள தண்டவாளமாக உருட்டி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வார்ப்பிரும்புத் துண்டுகள் மூன்று நான்கு அடி நீளம்தான். எங்கு பார்த்தாலும் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் அடி. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சக்கரம் நடுவில் ஏறினால் கண்ணாடி மாதிரி விரியும். தேனிரும்பு வளையும், நிமிரும், பிழைத்துக்கொள்ளும். பர்க்கின்ஷாவின் பெயர் எந்தப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது? ரயில் பிறந்த நாளென்று ஒன்றைத் தேடியே ஆக வேண்டுமென்றால் அந்தக் காப்புரிமையின் தேதியைத்தான் நான் சொல்வேன்.

ஸ்டீபன்சனைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். அவருடைய உண்மையான பெருமையை எஞ்சின் புராணம்தான் மறைக்கிறது. வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்கு வில்லியம் லாஷ் என்ற ஆலைக்காரரோடு சேர்ந்து 1816-ல் அவரே காப்புரிமை எடுத்திருந்தார். ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கு அந்தச் சரக்கையே பரிந்துரைத்திருந்தால் கணிசமான பணம் வந்திருக்கும். பர்க்கின்ஷாவின் தண்டவாளத்தைப் பார்த்ததும், இதுதான் சரி என்று தன் சொந்தக் காப்புரிமைக்கு எதிராகப் பரிந்துரைத்தார். லாஷ் பகைத்துக்கொண்டார். பாதையின் பெரும்பகுதி தேனிரும்பாயிற்று. ‘லோகோமோஷன்’ உடையாத தடத்தில் ஓடியதற்குப் பின்னால் இருந்தது இந்த முடிவு. அந்த எஞ்சினை எழுதும் பேனா இந்த முடிவை ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

கொண்டாடப்படும் அந்த 1825-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாலும் கூத்துதான். திறப்பு விழா முடிந்த பிறகு அந்தப் பாதையில் பயணிகளை அன்றாடம் ஏற்றிச் சென்றவை குதிரைகள். 1833 வரைக்கும் அப்படித்தான். சில ஆண்டுகள் கழித்து, சரிவில் வண்டி தானாக உருளும்போது குதிரை நின்று வைக்கோல் தின்பதற்கென்றே பின்னால் ஒரு தனிப்பெட்டி சேர்த்தார்கள். ரயிலில் சொகுசாகப் பயணம் செய்த முதல் ஜீவராசிகளின் பட்டியலில் அந்தக் குதிரைகளுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்க 1829 அக்டோபரில் நடந்த ரெயின்ஹில் போட்டி. ‘ராக்கெட்’ எஞ்சின் வென்ற புகழ்பெற்ற நாள்கள். போட்டி விதிகளைப் படித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறு டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது, நான்கு சக்கரமென்றால் நாலரை டன்னுக்கு மேல் கூடாது. எஞ்சின்காரர்களுக்கு இந்த வரம்பை விதித்தது யார்? கஜத்துக்கு 35 ராத்தல் எடையில் போட்டிருந்த தண்டவாளம். பரிசுத் தொகை 500 பவுண்டு. பாதைக்கான செலவோ 8 லட்சம் பவுண்டுக்கு மேல். சாட் மாஸ் என்ற பெரும் சதுப்பில் புதர்க்கட்டுகளையும் பின்னிய தட்டிகளையும் அடுக்கி அவற்றின்மேல் பாதையை மிதக்க விட்டார்கள், பாறையைக் குடைந்தார்கள், பாலங்கள் கட்டினார்கள். 1830 செப்டம்பரில் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்த சில ஆண்டுகளிலேயே, எஞ்சின்கள் கனத்துக்கொண்டே போனதால் அந்த 35 ராத்தல் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுக் கனமானதைப் போட வேண்டியிருந்தது. பாதை போட்டவனின் செலவில் பக்கத்துக்குப் பக்கம் மண்ணும் இரும்பும். வரலாற்றில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ‘ராக்கெட்’.

இங்கே எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும், அதன் வாதத்தில் வலு உண்டு. ‘குதிரை இழுக்கும் தண்டவாளம் இருநூறாண்டு இருந்தது, என்ன சாதித்தது? சுரங்க வாயிலிலிருந்து ஆற்றங்கரை வரை கரி கொண்டுபோனது. அதை நகரங்களுக்கிடையே நீட்டியது எஞ்சின். தண்டவாளம் வலுப்பட்டதற்குக் காரணமும் எஞ்சினின் எடைதான். எஞ்சின் அழுத்தாவிட்டால் பர்க்கின்ஷாவுக்கு வேலையே இருந்திருக்காது.’ முதல் பாதியை ஏற்கிறேன். குதிரைக்குக் களைப்பு உண்டு, வேகத்துக்கு எல்லை உண்டு. நீராவி இல்லாமல் 1830-கள் வந்திருக்காது. ஆனால் இந்த வாதம் சொல்வது, எஞ்சின் தேவையை உண்டாக்கியது என்பதை மட்டும். தேவை இருபது ஆண்டாக இருந்தது, டிரெவிதிக்கின் காலடியில் தினம் நொறுங்கிக்கொண்டிருந்தது. தீர்வு இரும்பாலையின் உருளைக்கூடத்திலிருந்து வந்தது. இன்னொன்றையும் எதிர்த்தரப்பு யோசிக்கட்டும். ரயிலில் இழுக்கும் சக்தி குதிரை, நீராவி, டீசல், மின்சாரம் என மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் ரயில் ரயிலாகவே இருந்தது. தண்டவாளத்தை ஒரே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மிஞ்சுவது பேருந்து.

எஃகு வந்த கதை அதிகம் பேசப்படாதது. மிட்லண்ட் ரயில்வேயின் டார்பி நிலையத்தில், போக்குவரத்து நெரிசலான ஓரிடத்தில், இரும்புத் தண்டவாளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1857-ல் அங்கே ராபர்ட் மஷெட் என்பவரின் எஃகில் செய்த ஒரு தண்டவாளத்தைப் போட்டார்கள். அது 1873 வரை, பதினாறு ஆண்டுகள் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் மிச்சம். ரயில்வே நிறுவனங்கள் லாபம் பார்த்ததும், கனமான கூட்ஸ் வண்டிகள் ஓடியதும், பெரிய எஞ்சின்கள் செய்ய முடிந்ததும் இதற்குப் பிறகுதான். இந்தத் தண்டவாளத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. எஞ்சினுக்கென்றால் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்திருப்பார்கள்.

வேகத்தின் கதையில் என் வழக்கு இன்னும் வலுவாகிறது. புல்லட் ரயில் என்றால் கூர்மூக்கு வண்டி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் 1901-ல் ஜெர்மனியில், பெர்லினுக்குத் தெற்கே ஸோஸன் ராணுவ ரயில்பாதையில் மின்சார வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டினார்கள். அதற்கு மேல் தடம் தாங்கவில்லை. கனமான தண்டவாளத்தைப் போட்டுப் பாதையைச் சீர்படுத்திவிட்டு மீண்டும் வந்தார்கள். 1903 அக்டோபரில் வேகம் 210 கிலோமீட்டர். இந்தியாவில் அப்போது மின்சார ரயிலே கிடையாது. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான ரயில்கள் தொடாத வேகத்தை 1903-ன் மோட்டார் தொட்டுவிட்டது.

பிரான்சில் 1955 மார்ச் மாதம், போர்தோவுக்குத் தெற்கே லாந்து சமவெளியில், மின்சார எஞ்சின்கள் மணிக்கு 331 கிலோமீட்டர் என்ற சாதனையைப் படைத்தன. எஞ்சின் கடந்துபோன பிறகு தடம் பாம்பு நெளிந்த மாதிரி வளைந்து கிடக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. எஞ்சின் தயார், மோட்டார் தயார். பிறகு ஏன் பிரெஞ்சுப் பயணிகள் 1981 வரை காத்திருந்தார்கள்? அந்த ஆண்டில்தான் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே அதிவேகத்துக்கென்றே போட்ட தனிப்பாதையின் முதல் பகுதி திறந்தது. வண்டிகள் 260 கிலோமீட்டரில் ஓடின. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நாடு எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை, பாதைக்காகக் காத்திருந்தது.

ஜப்பான்காரர்கள் இதை முதலிலேயே புரிந்துகொண்டார்கள். ஷின்கான்சென் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் ஹிடியோ ஷிமா, நீராவி எஞ்சின்களை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். எஞ்சின்காரரான அவரே பழைய குறுகிய தடத்தில் புதுவண்டி விடும் யோசனையை ஏற்கவில்லை. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டருக்குப் பழையதைவிட அகலமான, முற்றிலும் புதிய பாதை, ஒரு லெவல் கிராசிங்கூட இல்லாமல், வளைவுகளின் ஆரம் 2,500 மீட்டருக்குக் குறையாமல். செலவு மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இருமடங்கானது. அந்தப் பழியோடு ஷிமாவும் ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோவும் 1963-ல் பதவி விலகினார்கள். 1964 அக்டோபர் 1 அன்று வண்டி ஓடியது. உலகம் அதன் மூக்கைப் படமெடுத்துக்கொண்டது. பணம் போன இடம் மூக்கு இல்லை.

தண்டவாளம் பாரம் சுமப்பதோடு நின்றதா? அதுவும் இல்லை. 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் தண்டவாளத்தையே மின்கம்பியாக்கினார். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சிறு மின்னோட்டம் விட்டால், வண்டியின் அச்சு இரு தண்டவாளத்தையும் இணைத்தவுடன் சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பாகும். பார்வையும் நினைவும் உள்ள பாதை! ரயிலில் இறந்திருக்கக்கூடிய எத்தனையோ பேரைக் காப்பாற்றியது இந்த எளிய ஏற்பாடு. அந்த ஏற்பாடு பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் பார்த்தோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸின் எஞ்சினில் பழுதில்லை. அனுமதித்த வேகத்துக்குள்தான் ஓடியது. பச்சை காட்டிய பாதை லூப் லைனுக்குத் திருப்பியிருந்தது; அங்கே கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் இணைப்புகளில் முன்பு செய்த மாற்றங்களில் நேர்ந்த பிழையே காரணமென்று விசாரணை சொன்னது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16, போரிபந்தரிலிருந்து தானேவுக்கு என்கிறார்கள். அதற்குப் பதினைந்தாண்டுக்கும் முன்பே, 1837-ஐ ஒட்டி, சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் கொண்டுவர ஒரு ரயில்பாதை இருந்தது. பொறியாளர் ஆர்தர் காட்டனின் பெயர் அதோடு சேர்ந்தது. பயணிகள் இல்லை, பெரும்பாலும் மாடும் மனிதனும்தான் இழுத்தார்கள் என்பதால் அதற்கு அடிக்குறிப்பில்தான் இடம். எது வரலாறு, எது அடிக்குறிப்பு என்பதைப் புகைதான் தீர்மானிக்கிறது போலும்.

தானே ஓட்டத்தின் மூன்று எஞ்சின்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும்: சாஹிப், சிந்து, சுல்தான். அந்தப் பாதையை மலையேற்றிய போர் கணவாயில் 1856 முதல் 1863 வரை பாறை உடைத்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? ஒரு கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வெடியிலும் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே இறந்தார். ஒப்பந்தத்தை அவர் மனைவி ஆலிஸ் எடுத்து நடத்தினார். தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேண்டுமே. தேவதாரு, சால், தேக்குக் காடுகள் வேகமாகக் கரைந்தன. 1864-ல் வனத்துறை தொடங்கியதற்கும் 1865-ல் வனச் சட்டம் வந்ததற்கும் முக்கியமான உந்துதல் இந்தக் கட்டைப் பசி. காட்டில் சுள்ளி பொறுக்கியவன் குற்றவாளியானதில் ரயிலுக்குப் பங்குண்டு. எஞ்சினிலிருந்து தொடங்கும் வரலாறு இந்த இடத்துக்கு வந்து சேருவதே இல்லை.

தமிழர்களுக்கு இதில் இன்னும் கொடிய பங்கு இருக்கிறது. 1942–43-ல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருந்திரளாகக் கொண்டுபோனது. நேச நாட்டுக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் பெயரோடு, புல்வெளியோடு இருக்கின்றன. தோட்டத்துக் கூலிகளில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூடக் கிடையாது. பாதைத் திறப்பின்போது ஓடிய சி56-31 என்ற எஞ்சினை மட்டும் 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுபோய், டோக்கியோவின் யசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சின் புராணத்தின் உச்சம் என்று இதைத்தான் சொல்வேன். 415 கிலோமீட்டர் சவக்குழியின் நினைவுச்சின்னமாக, இறந்தவர்களின்மேல் ஏறி ஓடிய இயந்திரம்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் இன்றைய நிலவரத்தைப் பார்க்கட்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். உருவாக்கிய வந்தே பாரத் வண்டி, 2018 டிசம்பரில் கோட்டா–சவாய் மாதோபூர் இடையே நடந்த சோதனையில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. நல்ல வண்டி, சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம், நானும் பெருமைப்படுகிறேன். 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதையில் அதற்கு அனுமதித்தது 130 வரை மட்டும். வண்டிக்குத் தெரிந்த வேகம் பாதைக்குத் தெரியாது. 1903-லும் 1955-லும் பார்த்த அதே காட்சி, புதுச் சாயத்தில். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கொடியசைப்பு விழாக்கள் கூடியிருக்கின்றன. பழைய பாதையில் புது மூக்கு விடும் விழாக்கள் அவை.

தணிக்கைத் துறை 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2017 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை நிகழ்ந்த தடம்புரளல்கள் பற்றிய 1,129 விசாரணை அறிக்கைகளை அலசியது. அவற்றில் 422, பாதையைப் பராமரிக்கும் பொறியியல் துறையின் கணக்கில் வந்தன. அந்த 422-லும் மிகப் பெரிய காரணம் தண்டவாளப் பராமரிப்பு, 171 முறை. பாதையின் நிலையைப் பதிவு செய்யும் வண்டிகளின் சோதனை ஓட்டங்கள் குறித்த அளவில் நடக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. விடிவதற்கு முன் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்து கிளிப் தளர்ந்திருக்கிறதா, வெல்டிங் விரிந்திருக்கிறதா என்று பார்க்கும் கீமேனும், வெயிலில் ஜல்லி அள்ளும் டிராக்மேனும் இந்த அமைப்பின் உண்மையான பாதுகாப்புக் கவசம். பின்னாலிருந்து வரும் வண்டியின் சத்தம் கேட்காமல் அவர்களே அடிபட்டுச் சாகிறார்கள். அது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி.

‘பாதைக்கும்தான் பணம் ஒதுக்குகிறோம், தண்டவாளம் மாற்றுகிறோம்’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஒதுக்குகிறார்கள், மாற்றுகிறார்கள், முப்பதாண்டு முன்பிருந்த நிலைக்கு இன்றைய பாதை எவ்வளவோ மேல். அந்த வேலைக்கு யார் கொடியசைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒரு கோட்டத்தில் நூறு கிலோமீட்டர் தண்டவாளத்தைப் புதுப்பித்தால் அமைச்சர் வருவதில்லை, தொலைக்காட்சி வருவதில்லை. வராத இடத்தில் வேலை தள்ளிப்போவதும் எளிது, காலியிடம் நிரப்பாமல் விடுவதும் எளிது.

ஆகவே அடுத்த புதுவண்டி உங்கள் ஊர் நிலையத்துக்கு மாலையோடு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கோட்டத்தில் மாற்ற வேண்டிய தண்டவாளம் எத்தனை கிலோமீட்டர் நிலுவையில் இருக்கிறது? டிராக்மேன் இடங்கள் எத்தனை காலி? இந்தப் பாதையில் அல்ட்ராசானிக் சோதனை கடைசியாக நடந்த தேதி என்ன? மூன்றுக்கும் பதிலோடு வருகிறவரிடம் எஞ்சின் மூக்கின் அழகைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச எனக்குச் சம்மதம்.